கையில் வந்த இடமா, அடுத்த வருடமா?

பொத்துவில் பக்கத்துத் தென்னந்தோட்டங்களில் வேலை செய்யும் அங்கத்தவர்கள் கிளைக் காரியாலயத்துக்குக் கொண்டுவந்த ஒரு கேள்விக்கு இம்முறை இந்தப் பக்கத்தை ஒதுக்குகிறோம். மகள் உயர்தரத்தில் நல்ல பெறுபேறு எடுத்திருக்கிறாள். சட்டம் படிக்கப் பல்கலைக்கழக அனுமதி வந்துவிட்டது, மகாபொலப் புலமைப்பரிசிலும் கிடைக்கும். அவள் கேட்டது கொழும்பு, கிடைத்தது யாழ்ப்பாணம். இன்னொரு முறை எழுதினால் கொழும்பே கிடைக்கும் என்கிறார் மாமா. வந்ததை விடாதே என்கிறார் உம்மா. வாப்பாவுக்கு இரண்டும் சரியாகத்தான் படுகிறது.

இது பொத்துவிலின் கேள்வி மட்டுமல்ல. பொத்துவிலிலிருந்து கொழும்புக்குப் போகும் ஏ-4 வீதி மொனராகலை, கொஸ்லந்தை, பலாங்கொடை, இரத்தினபுரி என்று தோட்டங்களின் ஊடாகத்தான் போகிறது. அந்த வீதியோரத்து லயங்களிலும் இதே பேச்சு நடக்கிறது. அம்பாறை, மொனராகலை, பதுளை, இரத்தினபுரி, நுவரெலியா ஐந்துமே கல்வியில் பின்தங்கியவை எனப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு கணக்கிடும் 16 மாவட்டங்களுக்குள் வருகின்றன. 5 வீத மேலதிக ஒதுக்கீடு அந்த மாவட்டங்களுக்கு உண்டு. நம் பிள்ளைகள் உள்ளே போக இருக்கும் கதவுகளில் அதுவும் ஒன்று.

எமது கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அரச பல்கலைக்கழகத்தில் சட்டத்துக்கு இடமும் அதோடு உதவித்தொகையும் கிடைத்திருந்தால் ஏற்றுக்கொள்ள வேண்டும். கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணம் என்று பெயரைப் பார்த்து ஒரு வருடத்தை விடக்கூடாது.

ஏனென்றால் எந்தப் பல்கலைக்கழகத்தில் எல்.எல்.பி. முடித்தாலும் அதை வைத்து மட்டும் நீதிமன்றத்தில் எழுந்து பேச முடியாது. கொழும்புப் புதுக்கடையில் இருக்கும் இலங்கைச் சட்டக் கல்லூரியின் பரீட்சைகளில் தேறி, பயிற்சியும் முடித்து, உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் செய்தால்தான் சட்டத்தரணி. யாழ்ப்பாணத்தில் படித்த பிள்ளையும் கொழும்பில் படித்த பிள்ளையும் கடைசியில் அந்த ஒரே வாசலால்தான் நுழைய வேண்டும். தொழில் நியாயசபையில் நிற்கும்போது எந்தத் தொழிலாளியும் "தம்பி எந்தக் கெம்பஸ்?" என்று கேட்கப் போவதில்லை.

"ஒரு வருடம்தானே" என்கிறார்கள். அந்த வருடத்தை எண்ணிப் பார்ப்போம். பரீட்சை எழுத வேண்டும், பெறுபேறு வர வேண்டும், விண்ணப்பம் போட வேண்டும், வெட்டுப்புள்ளி வர வேண்டும், பிறகு பல்கலைக்கழகம் அழைக்க வேண்டும். 2021ஆம் ஆண்டுக்குரிய உயர்தரப் பரீட்சையே 2022 பெப்ரவரியில்தான் தொடங்கியது. 2024இல் பரீட்சை நடந்துகொண்டிருக்கும்போதே வெள்ளம் வந்து, நவம்பர் இறுதியில் நிறுத்தி, டிசம்பர் 4ஆம் திகதிதான் மீண்டும் தொடங்கினார்கள். ஒரு வருடம் என்று வாயால் சொல்வது நாட்காட்டியில் ஒன்றரை வருடமாகிவிடும். இசெட் புள்ளி மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிட்டுக் கணிக்கும் புள்ளி. வெட்டுப்புள்ளியும் வருடத்துக்கு வருடம் ஏறி இறங்கும். இம்முறை போலவே எழுதினாலும் அடுத்த முறை இந்த யாழ்ப்பாணமே கைநழுவிப் போகலாம். மூன்று முறை எழுதலாம் என்பது உண்மை. அதற்காக மூன்று முறையும் ஒரே மாதிரி வாய்ப்பு இருக்கும் என்று நினைக்க வேண்டாம்.

பொத்துவிலில் இருந்துகொண்டு மறுபடி படிப்பதும் லேசான காரியமில்லை. ஆசிரியர் பற்றாக்குறையைச் சொல்லித் தனிக் கல்வி வலயம் கேட்டு ஊர் எத்தனையோ வருடங்களாகக் குரல் கொடுக்கிறது. நல்ல டியூஷனுக்கு அக்கரைப்பற்றுக்குப் போவதென்றாலே நாற்பது கிலோமீற்றருக்கு மேல். பஸ் காசு யார் தருவது? வீட்டில் இருக்கும் பிள்ளையை வேலைக்கு அனுப்பச் சொல்லும் வாய்களை யார் அடைப்பது?

பெண்பிள்ளை என்றால் இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். லயத்திலும் சரி, கரையோரத்திலும் சரி, "அடுத்த முறை பார்ப்போம்" என்று ஆண்பிள்ளைக்குச் சொன்னால் அது தாமதம். பெண்பிள்ளைக்குச் சொன்னால் பெரும்பாலும் அத்தோடு முடிந்தது. அந்த இடைவெளியில் ஒரு கல்யாணப் பேச்சு வரும், அல்லது ஆடைத் தொழிற்சாலை வரும், அல்லது வெளிநாட்டுக்கு அனுப்பும் முகவர் படியேறுவார். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. காலியாக இருக்கும் நேரத்தை வீட்டுத் தேவை நிரப்பிவிடுகிறது.

உதவித்தொகையைப் பற்றிக் கணக்கோடு பேசுவோம். மகாபொல 2025 வரவுசெலவுத் திட்டத்தில் 5,000 ரூபாவிலிருந்து மாதம் 7,500 ரூபாவாகக் கூட்டப்பட்டது. 2024 செப்டம்பர் வர்த்தமானியின் 1,350 ரூபா அடிப்படை நாட்சம்பளத்தில் பார்த்தால் அது ஐந்தரைப் பேர். ஐந்தரை நாள் சம்பளத்தில் யாழ்ப்பாணத்தில் ஒரு மாதம் சாப்பிட்டு, புத்தகம் வாங்கி, ஊருக்கும் வந்துபோக முடியாது. போதாக்குறைக்கு முதல் தவணை கைக்கு வர மாதக்கணக்கில் காத்திருக்க நேர்வதும், அதற்காக மாணவர்கள் வீதிக்கு இறங்குவதும் புதிதல்ல. மாமா தயங்குவதில் இந்த இடம் மட்டும் நியாயம். ஆனால் அதற்கு மருந்து அடுத்த வருடம் கொழும்புக்கு விண்ணப்பிப்பதல்ல. கொழும்பில் அறை வாடகை இன்னும் கூட.

சிலர் ஆங்கிலத்துக்குப் பயப்படுகிறார்கள். சட்டப் படிப்பு பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கிறது. சட்டக் கல்லூரியையும் ஆங்கிலத்துக்கு மட்டும் மாற்ற வந்த விதியை 2023 மார்ச்சில் நாடாளுமன்றம் தோற்கடித்தது நல்ல விடயம்தான். அதை நம்பி ஆங்கிலத்தை விட்டுவிடவும் முடியாது. ஆனால் வீட்டில் ஒரு வருடம் தனியே இருந்து வரும் ஆங்கிலத்தை விட, தினமும் விரிவுரையில் தடுமாறி வரும் ஆங்கிலம் வேகமாக வரும்.

இனி மறுபக்கம். எல்லாப் புலமைப்பரிசிலையும் ஏற்கச் சொல்லவில்லை. பெறுபேறு வந்த வாரமே தனியார் நிறுவனங்கள் "சட்டப் பட்டத்துக்கு 50 வீதப் புலமைப்பரிசில்" என்று போனில் அழைக்கின்றன. அது புலமைப்பரிசில் இல்லை, விலைக்கழிவு. மீதிப் பாதியைக் கட்டச் சேமலாப நிதியில் கைவைத்த, நகையை அடகு வைத்த குடும்பங்களை எமக்குத் தெரியும். இரண்டாம் வருடமும் அந்தக் கழிவு தொடருமா, புள்ளி குறைந்தால் நிற்குமா, அந்தப் பட்டத்தோடு சட்டக் கல்லூரிக்குள் போக என்ன நிபந்தனை? இவற்றை நிறுவனத்திடம் கேட்டுப் பயனில்லை. சட்டக் கல்லூரியிடமே கேட்க வேண்டும். பதில் திருப்தியில்லை என்றால் கையொப்பம் வைக்காமல், இன்னொரு முறை உயர்தரம் எழுதுவதோ, சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சைக்குப் படிப்பதோ, வேலையோடு திறந்த பல்கலைக்கழகத்தில் சேர்வதோதான் புத்திசாலித்தனம். அந்த இடத்தில் "பிறகு பார்ப்போம்" என்பதே சரியான பதில்.

கையொப்பத்தைப் பற்றிப் பேசும்போது அம்பேத்கரின் கதை ஞாபகம் வருகிறது. 1913இல் பரோடா சமஸ்தானத்தின் உதவித்தொகையில் அவர் அமெரிக்காவுக்குப் போனார். படித்து முடித்துப் பத்து வருடம் பரோடாவுக்கு வேலை செய்ய வேண்டும் என்ற ஒப்பந்தத்துக்கு உடன்பட்டுத்தான் போனார். 1916இல் லண்டனில் பொருளாதாரத்தோடு சட்டமும் படிக்கச் சேர்ந்தார். அடுத்த வருடமே உதவித்தொகை முடிந்து, பாதியில் திரும்ப வேண்டியதாயிற்று. ஆனால் நான்கு வருடத்துக்குள் வந்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்று அனுமதி வாங்கிக்கொண்டுதான் கப்பலேறினார். பம்பாயில் படிப்பித்துச் சேமித்து, கடனும் வாங்கி, 1920இல் திரும்பிப் போய் முடித்தார். கிடைத்தபோது எடுத்தார், நிறுத்த வேண்டி வந்தபோது திரும்பி வரும் வழியை உறுதிசெய்துகொண்டார். நோயோ வீட்டில் மரணமோ வந்து நம் பிள்ளை நிற்க நேர்ந்தாலும் அதையே செய்ய வேண்டும். சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வந்துவிடாமல், பீடத்துக்கு எழுதிக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைக்க வேண்டும்.

சங்கம் ஏன் இதில் தலையிடுகிறது என்று கேட்கலாம். 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தால் வாக்கை இழந்த நம் மக்களுக்காகக் கோடாகன் பிள்ளை வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1953இல் தோற்றது. மிச்சமிருந்த நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுக்கும் சட்டம் வர 2003 ஆயிற்று. அவ்வளவு பெரிய வழக்கை விடுங்கள். 1983ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டப்படி, நாட்சம்பளத்தில் முப்பது வருடம் உழைத்தவருக்கு வருடத்துக்கு 14 நாள் வீதம் 420 நாள் சம்பளம், வேலை முடிந்து 30 நாளுக்குள் கிடைக்க வேண்டும். அது கிடைக்காமல் அலையும் எத்தனை பேர் ஒவ்வொரு கிளையிலும் இருக்கிறார்கள்! செக்ரோலைப் பார்த்ததும் எது குறைகிறது என்று புரிந்துகொள்ளும் சட்டத்தரணி நமக்குள்ளிருந்தே வந்தால் அந்த அலைச்சலில் பாதி குறையும்.

அதனால் யோசனை ஒன்றை வைக்கிறோம். பல்கலைக்கழகம் போகும் அங்கத்தவர் பிள்ளைக்கு, மகாபொல கைக்கு வரும்வரையான முதல் மாதங்களின் செலவைக் கிளையின் சந்தா நிதியிலிருந்து முற்பணமாகக் கொடுக்க வேண்டும். திருப்பிக் கட்டுவதை அந்தப் பிள்ளை உழைக்கத் தொடங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம். தீ விபத்துக்கும் மரணத்துக்கும் எடுக்கும் நிதியை இதற்கும் எடுக்கலாமா என்று சில கிளைகளில் முணுமுணுப்பு இருப்பது தெரியும். அடுத்த கிளைக் கூட்டத்தில் எழுந்து அதை நேரடியாகவே பேசுங்கள்.

பொத்துவில் வாப்பாவுக்கு: பல்கலைக்கழகத்தில் பதிவு செய்த பிள்ளை மறுபடி வேறு இடத்துக்கு விண்ணப்பிக்கும் உரிமையைப் பொதுவாக இழந்துவிடும். அதனால் முடிவைப் பதிவுக்கு முன்பே எடுத்துவிடுங்கள். ஆணைக்குழுவின் இந்த வருடக் கைநூலை மகளோடு உட்கார்ந்து வாசியுங்கள். அனுமதிக் கடிதத்தையும் மகாபொல விண்ணப்பத்தையும் எடுத்துக்கொண்டு, பதிவுக்கான கடைசித் திகதிக்கு ஒரு வாரம் முன்பாவது காரியாலயத்துக்கு வாருங்கள். மகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், மாமா வந்தாலும் நல்லது.