மஞ்சிட்டி மூட்டைக்குள் இருப்பது எது?

பல்லுயிர்ப் பெருக்கச் சட்டத்தின் 2023ஆம் ஆண்டுத் திருத்தம் பதிவுபெற்ற ஆயுஷ் மருத்துவர்களுக்கும் பயிரிட்ட மூலிகைகளுக்கும் தந்திருக்கும் விலக்கை நம் துறை வரவேற்றிருக்கிறது. நாமும் வரவேற்கிறோம். ஆனால் பயிரிட்ட மூலிகை என்று சொல்லி விலக்குப் பெற, உள்ளூர்ப் பல்லுயிர் மேலாண்மைக் குழுவின் விளைவிடச் சான்று வேண்டும். அந்தச் சான்றின் பலவீனம் மஞ்சிட்டியில் அப்பட்டமாகத் தெரிகிறது. சந்தை மஞ்சிட்டியில் பெரும்பகுதி இமயமலைச் சாரலில் காட்டில் தோண்டி எடுப்பது. காயவைத்து நறுக்கி மூட்டை கட்டிவிட்டால், வயலில் விளைந்ததா காட்டில் பிடுங்கியதா என்று கையில் எடுத்துப் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது.

அதைவிடப் பெரிய கேள்வி, இந்த இதழ் ஓயாமல் எழுப்பிவரும் கேள்வி: அது எந்தச் செடி? ரூபியா கார்டிஃபோலியாவும் ரூபியா மஞ்சித்தும் ஒரே பெயரில்தான் விலைபோகின்றன. வேர் என்று வாங்கும் சரக்கில் நாற்கோணத் தண்டும் கலந்து வருகிறது. கடைக்காரர் ஒரு துண்டைத் தண்ணீரில் போட்டு, சிவப்பு இறங்கினால் நல்ல சரக்கு என்கிறார். சாயக்காரருக்கு அது போதும். படிகாரம் ஏற்றிய துணியில் சிவப்பு பிடித்தால் அவர் வேலை முடிந்தது. மருத்துவருக்குப் போதாது. ஆந்த்ராகுவினோன் இருக்கிறது என்பதற்கு மேல் நிறம் எதையும் சொல்வதில்லை. ஐரோப்பிய ரூபியா டிங்க்டோரத்தில் அலிசாரினும், அதனோடு மரபணுவைச் சிதைக்கும் லூசிடினும் உண்டு. நம் மஞ்சிட்டியில் பர்ப்யூரினும் முஞ்சிஸ்டினும் மேலோங்கி நிற்கும். சிறுநீர்க்கல்லுக்குக் கொடுத்துவந்த டிங்க்டோரம் வேரை ஜெர்மனி 1990களில் விலக்கியது. அதிலிருந்து எடுத்த உணவு நிறமியை, எலிகளின் சிறுநீரகத்தில் புற்று கண்டதால், 2004இல் ஜப்பான் அனுமதிப் பட்டியலிலிருந்து நீக்கியது.

எலிகளுக்குக் கொடுத்தது பிரித்தெடுத்த நிறமி, அதுவும் பெரிய அளவில், நம் கஷாயம் வேறு என்று சிலர் சொல்வார்கள். நியாயமான வாதம். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையும் டிங்க்டோரத்தை வகைப்படுத்தப் போதிய சான்றில்லாத மூன்றாம் பிரிவில்தான் வைத்திருக்கிறது. ஆனால் ஐயத்துக்குரிய ருபியாடின் என்னும் ஆந்த்ராகுவினோன் நம் வேரிலும் இருக்கிறது. டிங்க்டோரம் வேறு இனம் என்று மட்டும் சொல்லி நாம் ஒதுங்கிவிட முடியாது. எவ்வளவு இருக்கிறது, எந்த அளவு வரை பாதுகாப்பு என்று நாமே அளந்து சொல்ல வேண்டும். இனம் தெரியாத சரக்கை அளந்து எந்த முடிவுக்கு வருவது? நாளை வெளிநாடொன்று ரூபியா வேர் முழுவதையும் தடுத்தால், எங்களுடையது வேறு என்று காட்ட நம் கையில் ஒரு தாளும் இருக்காது.

இனத்தைப் பிரித்தறிய உதவும் மெல்லடுக்கு நிறப்பகுப்பு ஆய்வு சிறிய ஆய்வகத்திலும் செய்யக்கூடியதே. அப்படியிருந்தும் கோடிகளில் திட்டம் அறிவிப்பவர்கள் மாவட்டத்துக்கு ஒரு சரக்குச் சோதனை மேசை போட முன்வருவதில்லை. விளைவிடச் சான்றை மேலாண்மைக் குழுவின் தலையில் கட்டினார்கள். இனம் அறியும் பயிற்சியை யார் தருவது என்று சொல்லவில்லை. பிழை வந்தால் பழி மட்டும் மருந்து எழுதிய வைத்தியர் மேல் விழும். இந்த அலட்சியத்தை இனியும் பொறுக்க முடியாது.

வாசக மருத்துவர்கள் மாநில பல்லுயிர் வாரியத்துக்கு எழுதுங்கள்: சான்றில் தாவரவியல் பெயரும், வேரா தண்டா என்பதும், சோதனை முடிவும் இடம்பெற வேண்டும். அதுவரை இனப்பெயர் எழுதாத மஞ்சிட்டியை வாங்காதீர்கள்.