கருவி சுத்தமா? வாசலில் எழுதுங்கள்

சிற்றூர்களில் பல்வலிக்காரர் முதலில் போவது மருந்துக் கடைக்கு. வலி மாத்திரையில் நாலு நாள் ஓட்டிவிட்டு, கன்னம் வீங்கிய பிறகுதான் பல் டாக்டரைத் தேடுவார். அப்போது அக்கம்பக்கத்தார் பேச்சுதான் அவருக்குத் துணை. ‘நல்ல கைராசி, காசும் கூடக் கேட்கமாட்டார்’ என்பார்கள். கருவிகளை ஆட்டோகிளேவில் வைத்து நீராவியில் கிருமி நீக்குகிறாரா என்பது சொல்பவருக்கும் தெரியாது, கேட்பவருக்கும் தெரியாது.

அந்த அறியாமை வாணியம்பாடியில் உயிர்களைக் குடித்தது. 2023இல் அங்கே ஒரே பல் மருத்துவமனைக்குப் போன 10 பேருக்கு மூளையைத் தாக்கும் மெலியாய்டோசிஸ் தொற்று வந்தது. அவர்களில் 8 பேர் இறந்தார்கள். சலைன் பாட்டிலைக் கிருமி நீக்காத அறுவைக் கருவியால் திறந்து, சரியாக மூடாமல் வைத்து, மிச்சத்தை அடுத்தடுத்த நோயாளிகளுக்கும் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்று ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். சொற்ப விலைக்குக் கிடைக்கும் பாட்டில் அது. பல் பிடுங்கப் போனவர் பிணமாவது என்ன கொடுமை! அதைவிட வேதனை, ஆய்வுக் கட்டுரை வெளியாகி இந்தச் செய்தி பரவலாகத் தெரிந்தது 2025இல்தான்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1997ஆம் ஆண்டின் மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டமும் அதற்கான 2018 விதிகளும் பல் கிளினிக்குகளையும் கட்டுப்படுத்துகின்றன. ஆனால் உரிமம் பெற்ற இடத்தில் நேற்று கருவி சுத்தமாக இருந்ததா என்பதை அந்தக் காகிதம் சொல்லாது. எனவே ஆண்டுக்கு ஒருமுறையாவது முன்னறிவிப்பின்றிச் சோதனை நடக்க வேண்டும். சோதனை நடந்த நாள், கிருமி நீக்க ஏற்பாட்டின் நிலை, மருத்துவரின் பதிவு எண் மூன்றையும் தமிழில் பெரிதாக எழுதி வாசலில் ஒட்டவைக்க வேண்டும்.

கடன் வாங்கி நாற்காலி போட்ட சின்ன டாக்டர்களுக்கு இது சுமையாகும் என்பார்கள். அந்தக் கவலை நியாயமானதே. ஆட்டோகிளேவ் வாங்க அவர்களுக்குக் குறைந்த வட்டிக் கடனை அரசே ஏற்பாடு செய்யட்டும். ஆனால் ஒவ்வொரு நோயாளிக்கும் புதிதாகக் கருவி எடுத்து வைக்கும் டாக்டர், செலவை மிச்சம் பிடித்துக் கட்டணத்தைக் குறைப்பவரோடு இன்று போட்டி போட முடியாமல் தவிக்கிறார். வாசலில் ஒட்டும் அறிக்கை முதலில் காப்பாற்றப் போவது அவரைத்தான்.

ஒரே கிளினிக்கிலிருந்து இரண்டு பேருக்குத் தொற்று என்று தெரிந்தாலே அந்த ஊருக்கு உடனே சொல்வதையும் சுகாதாரத் துறை கட்டாயமாக்க வேண்டும். வாரச் சந்தையிலும் பேருந்து நிலையத்திலும் ஒலிபெருக்கி வைத்துச் சொல்லலாம். காய்ச்சலோடு வீட்டில் படுத்திருப்பவர் அதைக் கேட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக நேரம் இருக்கும்போதே சொல்ல வேண்டும்.