வயரில் மிச்சம் பிடிக்கலாமா?

பெரும்போக மழை தொடங்கியதும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் உழவு இயந்திரம் தேவைப்படுகின்றது. பகலில் முடியாத உழவு இரவிலும் தொடர்கின்றது. அதற்கென மேலதிக விளக்குகளைப் பூட்டுகின்றோம். அறுவடை முடிந்து நெல்லும் வைக்கோலும் ஏற்றும்போது பெட்டியின் பின்புறத்திலும் வெளிச்சம் வேண்டும். விளக்கை நல்லதாகப் பார்த்து வாங்கும் நாம், வயரை மட்டும் வீட்டில் கிடந்த மிச்சத் துண்டாகவோ, கடையில் உள்ள மலிவான சுருளாகவோ எடுத்துக்கொள்கின்றோம். யானையை வாங்கியவன் அங்குசத்திற்குக் கணக்குப் பார்த்த கதைதான் இது. இப்பழக்கத்தை நாம் கைவிடல் வேண்டும்.

1995இல் வலிகாமத்திலிருந்தும், 2008, 2009ஆம் ஆண்டுகளில் வன்னிக்குள்ளும் இடம்பெயர்ந்தபோது, சட்டி பானை முதல் கூரைத் தகடு வரை எம்மில் பலர் ஏற்றிச் சென்றது உழவு இயந்திரப் பெட்டியில்தான். சொந்தக் காணிக்குத் திரும்பியவர்களும், குத்தகைக் காணியில் செய்கை பண்ணுவோரும் இன்று கடன்பட்டே இயந்திரம் வாங்குகின்றனர். இயந்திரம் எரிந்தாலும் கடன் எரிவதில்லை.

வயர் விடயத்தில் நாம் தவறுவதற்கு ஒரு காரணம் உண்டு. வீட்டு மின்சாரத்தில் பழகிய கண்ணோடு பற்றரியைப் பார்க்கின்றோம். 55 வாற்றுக் குமிழ் ஒன்று வீட்டின் 230 வோல்ற்றில் கால் அம்பியர் மின்னோட்டத்தைத்தான் எடுக்கும். அதே 55 வாற்றை 12 வோல்ற்றுப் பற்றரியிலிருந்து எடுக்கும்போது 4.6 அம்பியர் ஓடும். ஏறக்குறைய 19 மடங்கு! வயரைச் சூடாக்குவது வாற்று அன்று, அம்பியரே. ஆகவே வீட்டுக் குமிழுக்குப் போதுமான மெல்லிய வயர் உழவு இயந்திரத்திற்குப் போதாது.

ஓர் உதாரணம் பார்ப்போம். 55 வாற்று ஹலோஜன் விளக்குகள் இரண்டைப் பெட்டியின் பின்புறம் பூட்டுகின்றோம். மின்னோட்டம் 9.2 அம்பியர். பற்றரியிலிருந்து விளக்கு வரை 6 மீற்றர். திரும்பி வரும் வயரையும் சேர்த்தால் 12 மீற்றர். 1 சதுர மில்லிமீற்றர் செப்பு வயர் போட்டால் வழியிலேயே ஏறக்குறைய 1.8 வோல்ற்று வீணாகும். வெளிச்சம் பாதியளவுக்குக் குறைந்துவிடும். விளக்கு கூடாது என்று கடைக்காரரை ஏசுவோம். குற்றமோ வயரில்!

கணக்கு கடினமானதன்று. எல்லா விளக்குகளின் வாற்றையும் கூட்டி 12ஆல் வகுத்தால் அம்பியர் வரும். அதனைப் போக, வர உள்ள மொத்த மீற்றரால் பெருக்கி 28ஆல் வகுத்தால், தேவையான செப்பின் அளவு சதுர மில்லிமீற்றரில் கிடைக்கும். மேற்சொன்ன உதாரணத்தில் விடை 3.9, ஆகவே 4 சதுர மில்லிமீற்றர் வயர் வாங்க வேண்டும். அப்போது இழப்பு அரை வோல்ற்றளவுதான். 18 வாற்று எல்.ஈ.டி. விளக்குகள் இரண்டு பூட்டினால் மின்னோட்டம் 3 அம்பியர். அதே தூரத்திற்கு 1.5 சதுர மில்லிமீற்றர் போதும். விளக்கில் சற்றுக் கூடச் செலவழித்து வயரில் மிச்சம் பிடிக்க இதுவே நேர்மையான வழி.

வயரின் மேலுறை தடிப்பாக இருப்பதைக் கண்டு ஏமாறக் கூடாது. உள்ளே உள்ள செப்பைப் பார்க்க வேண்டும். கடையில் 7/0.67 என்றால், 0.67 மில்லிமீற்றர் விட்டமுள்ள 7 இழைகள், மொத்தம் 2.5 சதுர மில்லிமீற்றர். ஆயினும் வரம்பிலும் குழியிலும் குலுங்கும் இயந்திரத்திற்குப் பல மெல்லிய இழைகள் கொண்ட வாகன வயரே உகந்தது. ஒற்றை இழை வயர் ஆடி ஆடி முறிந்துவிடும். பெட்டியைக் கொழுவும் துருப்பிடித்த ஊசியை நம்பாது, திரும்பும் பாதைக்கும் தனி வயர் இழுப்பதே நன்று.

எல்லாவற்றிலும் முக்கியமானது பியூஸ். அது விளக்கைக் காப்பதற்கன்று, வயரைக் காப்பதற்கே. எனவே பற்றரிக்கு அண்மையில், நேர் முனையிலிருந்து வரும் வயரில் அதனைப் பூட்ட வேண்டும். எமது உதாரணத்திற்கு 15 அம்பியர் பொருத்தம். மெல்லிய வயருக்கு 30 அம்பியர் பியூஸ் போட்டால், பியூஸ் போகுமுன் வயரின் உறை உருகும். பியூஸ் போன இடத்தில் சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றுவதும், ஆணியைச் செருகுவதும் எம்மிடையே இன்றும் உண்டு. வயர் எங்காவது உரசி இரும்பில் முட்டினால், பற்றரி நூற்றுக்கணக்கான அம்பியரை ஒரே கணத்தில் தள்ளும். பக்கத்தில் டீசல் குழாய். பின்னால் காய்ந்த வைக்கோல். சாரதியாக இருப்பவன் பெரும்பாலும் எமது மகனாகவே இருப்பான்.

இது தனியே விவசாயியின் தவறன்று. “12 வோல்ற்று வயர்” என்று மட்டும் சொல்லி விற்பவர்களும், கையில் கிடைத்ததைப் பூட்டிவிடும் திருத்துநர்களும் பொறுப்புடையவர்களே. செப்பின் அளவைப் பற்றுச்சீட்டில் எழுதித் தருமாறு நாம் கேட்போம். கமக்கார அமைப்புகள் நல்ல வயரைச் சுருளாக வாங்கி, உறுப்பினருக்கு மீற்றர் கணக்கில் பகிர்ந்தால் விலையும் தாங்கும்.

அடுத்த உழவுக்கு முன் ஒரு வேலை செய்வோம். விளக்குகளைப் பத்து நிமிடம் எரியவிட்டு வயரைத் தொட்டுப் பார்ப்போம். கைக்குச் சூடு தெரிந்தால், அன்றே மாற்றுவோம்.