'10 டன் கிரேன்' என்று சொன்னால் போதுமா? கிரேனின் ஆயுளைத் தீர்மானிக்கும் இரண்டு கணக்குகள்

2020 ஆகஸ்ட் 1. விசாகப்பட்டினத்தில் உள்ள ஹிந்துஸ்தான் ஷிப்யார்டில் சோதனை ஓட்டத்தின்போது ஒரு ராட்சத கிரேன் சாய்ந்து விழுந்தது. 11 பேர் இறந்தனர். சரியாக மூன்று ஆண்டுகள் கழித்து, 2023 ஆகஸ்ட் 1 அதிகாலையில், மகாராஷ்டிராவின் ஷாஹாபூர் அருகே சம்ருத்தி விரைவுச்சாலைப் பாலப் பணியில் இருந்த கர்டர் லாஞ்சர் சரிந்தது. 20 பேர் இறந்தனர்.

இரண்டும் வேறு வேறு இயந்திரங்கள், வேறு வேறு சூழல்கள். அந்த விபத்துகளின் காரணத்தைத் தேடுவது இந்தக் கட்டுரையின் நோக்கம் இல்லை. ஆனால் கிரேன் விபத்து என்றாலே செய்தியில் முதலில் வரும் எண் 'எத்தனை டன்' என்பதுதான். விசாகப்பட்டினம் கிரேன் '70 டன்' என்று அப்போது எல்லாரும் எழுதினோம்.

அந்த எண் பாதி விஷயத்தைத்தான் சொல்கிறது. மீதியைச் சொல்வது இரண்டு கணக்குகள். ஒன்று, அந்தக் கிரேன் மொத்தம் எத்தனை முறை தூக்கலாம் என்பது. இன்னொன்று, அதன் போல்ட்கள் எவ்வளவு இறுக்கத்தில் இருக்கின்றன என்பது.

'டியூட்டி கிளாஸ்' என்றால் என்ன?

ஒரு இரும்புக் கம்பியைக் கையில் எடுத்து ஒரே இழுப்பில் அறுக்கப் பாருங்கள், முடியாது. அதையே முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் கொஞ்ச நேரத்தில் ஒடிந்துவிடும். இதைத்தான் பொறியாளர்கள் உலோகக் களைப்பு என்கிறார்கள். கிரேனும் ஒவ்வொரு முறை பாரத்தைத் தூக்கி இறக்கும்போது கொஞ்சம் வளைந்து நிமிர்கிறது.

அதனால்தான் கிரேன்களை ஏ1 முதல் ஏ8 வரை எட்டு வகுப்புகளாகப் பிரிக்கிறார்கள். ஐ.எஸ்.ஓ. 4301, இந்தியாவின் ஐ.எஸ். 807 ஆகிய தரநிலைகளில் இந்த முறை இருக்கிறது. வகுப்பைத் தீர்மானிக்க இரண்டு கேள்விகள்.

* எத்தனை முறை? ஆயுள் முழுக்க எத்தனை தூக்கல்கள் என்பதை வைத்து யூ0 முதல் யூ9 வரை. யூ0 என்றால் 16,000 வரை. யூ3 என்றால் 1,25,000 வரை. யூ7 என்றால் 20 லட்சம் வரை.
* எவ்வளவு பாரம்? எப்போதாவது மட்டும் முழு பாரம் தூக்கினால் கியூ1. எப்போதும் முழு பாரத்தை ஒட்டியே தூக்கினால் கியூ4.

இரண்டையும் ஒரு அட்டவணையில் சேர்த்துப் பார்த்தால் வகுப்பு கிடைத்துவிடும். (மோட்டார், கியர் போன்ற இயங்கும் பாகங்களுக்கு எம்1 முதல் எம்8 வரை தனி வகுப்பு உண்டு.)

பாரத்தைக் கணக்கிடும் விதத்தில் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. பாரத்தின் விகிதத்தை மூன்று முறை பெருக்குகிறார்கள். 10 டன் கிரேன் 5 டன்னைத் தூக்கினால் தேய்மானம் பாதி ஆகும்னு நினைப்போம். கணக்குப்படி அது எட்டில் ஒரு பங்குதான். அதாவது, 5 டன்னை எட்டு முறை தூக்குவதும் 10 டன்னை ஒரு முறை தூக்குவதும் ஒன்று. அதே கணக்கில், 'ஒரு தடவைதானே' என்று 12 டன்னைத் தூக்கினால், அது 1.7 தூக்கலுக்குச் சமம்.

20 ஆண்டு ஆயுள் 98 நாளில் முடிவது எப்படி?

இரண்டு ஷெட்களை எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் '10 டன்' என்று எழுதிய கிரேன்.

முதல் ஷெட் ஒரு பராமரிப்புப் பட்டறை. ஒரு நாளைக்கு 15 தூக்கல். ஆண்டுக்கு 300 வேலை நாள், 20 ஆண்டு என்றால் மொத்தம் 90,000 தூக்கல். இது யூ3. பாரம் நடுத்தரம், அதாவது கியூ2. இதற்கு ஏ3 வகுப்புக் கிரேன் போதும்.

இரண்டாவது, ஒரு ஸ்கிராப் யார்டு. மணிக்கு 20 தூக்கல், தினம் 16 மணி நேரம். ஒரு நாளைக்கு 320, ஆண்டுக்கு 96,000. 20 ஆண்டில் 19.2 லட்சம். எப்போதும் முழு பாரம். இங்கே தேவை ஏ8.

இப்போது, முதல் ஷெட்டுக்கான ஏ3 கிரேனை செகண்ட்ஹேண்டில் வாங்கி ஸ்கிராப் யார்டில் மாட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இதுவரை பயன்படுத்தாத புது கிரேன் என்றே கணக்குப் போடலாம்.

* அதன் எல்லை 1,25,000 தூக்கல். நாளைக்கு 320 வீதம் போனால் 390 வேலை நாளில் தீர்ந்துவிடும்.
* அந்த எல்லையும் கியூ2 பாரத்துக்கானது. கியூ4-ல் ஒவ்வொரு தூக்கலும் நான்கு மடங்கு தேய்மானம். 390-ஐ நான்கால் வகுத்தால் சுமார் 98 வேலை நாள்.

99-வது நாள் கிரேன் விழுந்துவிடும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. வடிவமைத்தவர் கணக்கில் வைத்த களைப்பு வரம்பு அன்றோடு முடிகிறது. அதற்குப் பிறகு எந்த வெல்டில், எந்த போல்ட்டில் விரிசல் தொடங்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. 'எஸ்.டபிள்யூ.எல். 10 டன்' என்று கர்டரில் பெயின்ட் அடித்த எழுத்து மட்டும் அப்படியே இருக்கும்.

போல்ட் எங்கே வருகிறது?

களைப்பு முதலில் தேடிப் போகும் இடங்களில் ஒன்று போல்ட் இணைப்பு. இரண்டு தகடுகளை நட்டு போட்டு இறுக்கும்போது போல்ட் மிகச் சிறிய அளவு நீள்கிறது. நீண்ட ஸ்பிரிங் மாதிரி அது தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கிறது. அந்தப் பிடி வலுவாக இருக்கும்வரை, பாரம் ஏறி இறங்கும்போது அதன் பெரும்பகுதியைத் தகடுகளே வாங்கிக்கொள்ளும். பிடி தளர்ந்தால் ஒவ்வொரு தூக்கலின் அதிர்வும் நேராகப் போல்ட்டுக்குப் போகும்.

எவ்வளவு பிடி தேவை? போல்ட் தலையில் '8.8' என்று பொறித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். முதல் 8 என்றால் அறுபடும் வலிமை சதுர மி.மீ.க்கு 800 நியூட்டன். அடுத்த 8 என்றால், அதில் 80 சதவீதத்தைத் தாண்டினால் போல்ட் நிரந்தரமாக நீண்டுவிடும். 20 மி.மீ. போல்ட் ஒன்றை உராய்வுப் பிடிப்பு இணைப்பில் ஐ.எஸ். 800 சொல்லும் அளவுக்கு இறுக்கினால், அது சுமார் 14 டன் விசையில் தகடுகளைப் பிடிக்கும். கட்டைவிரல் பருமன் போல்ட் ஒன்றுக்கு 14 டன்!

சிக்கல் என்னவென்றால், இந்த 14 டன்னை நேரடியாக யாரும் அளப்பதில்லை. டார்க் ரெஞ்ச் அளப்பது முறுக்கு விசையை. அதில் சுமார் 90 சதவீதம் மரையிலும் நட்டுக்கு அடியிலும் உராய்வாகவே போய்விடும். மீதிதான் பிடியாக மாறும். மரையில் துரு ஏறி உராய்வு ஒன்றரை மடங்கு ஆனால், ரெஞ்ச் அதே இடத்தில் 'க்ளிக்' சத்தம் கொடுக்கும். பிடி மட்டும் 14 டன்னிலிருந்து சுமார் 10 டன்னாகக் குறைந்திருக்கும். பதிவேட்டில் 'சரி' என்று டிக் விழுந்திருக்கும்.

உடைந்த போல்ட்டை மாற்றினால் போதுமா?

போதாது என்பதற்கு, விசாரணை முடிந்து ஆவணத்தில் இருக்கும் உதாரணம் லண்டனில் இருக்கிறது. 2006 செப்டம்பர் 26 அன்று பேட்டர்சீ பகுதியில் ஒரு டவர் கிரேன் விழுந்து, அதன் ஆபரேட்டரும் பக்கத்தில் இருந்த ஒருவரும் இறந்தனர். கிரேனின் சுழலும் வளையத்தில் இருந்த 24 போல்ட்கள் உலோகக் களைப்பால் உடைந்திருந்தன.

விபத்துக்கு இரண்டு மாதம் முன்பே அதே கிரேனில் போல்ட்கள் உடைந்திருந்தன. புதுசு மாற்றினார்கள். ஏன் உடைந்தது என்று சரியாக விசாரிக்கவில்லை. வாடகைக்குக் கிரேன் விட்ட நிறுவனத்துக்கு 2016-ல் நீதிமன்றம் 7,50,000 பவுண்டு அபராதம் விதித்தது.

சட்டம் எதை எண்ணுகிறது?

இந்தியத் தொழிற்சாலைகளில் கிரேன் பாதுகாப்புக்கு அடிப்படையாக இருந்துவந்தது 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 29-வது பிரிவு. பாதுகாப்பான பாரத்தைக் கிரேனில் தெளிவாக எழுத வேண்டும், அதைத் தாண்டக் கூடாது, 12 மாதத்துக்கு ஒரு முறையாவது தகுதியான நபர் முழுமையாகப் பரிசோதிக்க வேண்டும் என்கிறது அது. நல்ல விதிகள்தான். ஆனால் டன்னையும் மாதத்தையும் எண்ணும் அந்தப் பிரிவு, தூக்கல்களை எண்ணவில்லை.

மேலே போட்ட கணக்கை இதோடு வைத்துப் பாருங்கள். கிரேனின் களைப்பு ஆயுள் 98 வேலை நாளில் முடிகிறது. பரிசோதகர் 12 மாதம் கழித்து வருகிறார். சட்டத்தை மீறாமலேயே அந்தக் கிரேன் எட்டு மாதத்துக்கு மேல், ஆயுள் முடிந்த நிலையில், ஆட்களுக்கு மேலே ஓடிக்கொண்டிருக்கலாம்.

13 தொழிலாளர் சட்டங்களை ஒன்றாக்கிய 2020 பணிப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பின் கீழ் வரும் விதிகளில் இந்த ஓட்டையை அடைக்க முடியும். பெயர்ப்பலகையில் டன்னுக்குப் பக்கத்தில் வகுப்பையும் எழுதச் சொல்லலாம். தூக்கல்களை எண்ணும் மீட்டரை வைக்கச் சொல்லலாம். செலவு பெரிது இல்லை, ஆட்டோவிலேயே மீட்டர் இருக்கிறது.

அதுவரை, கிரேனுக்குக் கீழே வேலை பார்ப்பவர்களும் தொழிற்சங்கங்களும் நிர்வாகத்திடம் நான்கு கேள்விகள் கேட்கலாம்.

1. இந்தக் கிரேன் எந்த வகுப்பு? எந்த வேலைக்காக வாங்கியது?
2. இதுவரை எத்தனை முறை தூக்கியிருக்கிறது? பதிவு எங்கே?
3. போல்ட்களைக் கடைசியாக எப்போது, எந்த முறையில் இறுக்கினார்கள்? கழற்றிய பழைய போல்ட்டையே திரும்ப மாட்டினார்களா?
4. கடைசியாக உடைந்த போல்ட் ஏன் உடைந்தது?

நான்காவது கேள்விக்கு 'மாத்திட்டோம்' என்று பதில் வந்தால், அந்தக் கிரேனுக்குக் கீழே நிற்காதீர்கள்.