பூட்டு போதாது, ஆள் வேண்டும்

தமிழ் விக்கிப்பீடியாவில் நம் விருத்தாசலத்தைப் பற்றிய ஒரு கட்டுரையைத் திறந்து ‘தொகு’ என்ற சொல்லைத் தொட்டால் போதும். பழமலைநாதர் கோயிலைப் பற்றிச் சான்றோடு ஒரு நல்ல வரி சேர்க்கலாம். விளையாட்டுக்கு நண்பன் பெயரை எழுதி ‘ஊர்த் தலைவர்’ ஆக்கலாம். ஆத்திரத்தில் முழுக் கட்டுரையையும் வழித்துத் துடைத்துவிடவும் செய்யலாம். மூன்றுக்கும் பொத்தான் ஒன்றுதான். முதலாவதை நிற்கவிட்டு மற்ற இரண்டையும் நீக்குவது, சம்பளமோ அலுவலகமோ இல்லாத ஒரு சிறு தன்னார்வலர் கூட்டம். அந்த வேலையை எப்படிச் செய்ய வேண்டும், அவர்களுக்கு யார் துணை நிற்க வேண்டும் என்பதெல்லாம் கணினி தெரிந்தவர்களின் உள்விவகாரம் அல்ல. பள்ளி ஒப்படைப்பு முதல் போட்டித் தேர்வுக் குறிப்பு வரை நம் பிள்ளைகள் தேடிப் போகும் இடம் அது. எனவே இது ஊர்ப் பொதுக் காரியம்.

2003-ல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவுக்கு அடித்தளம் இட்டவர்களில் முதன்மையானவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் இ. மயூரநாதன். 2017 மே மாதத்தில் அது ஒரு லட்சம் கட்டுரைகளை எட்டியது. இப்போது ஒன்றரை லட்சத்தைத் தாண்டிவிட்டது. இதற்கு முன் தமிழில் நடந்த பெருமுயற்சி, பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் வெளியிட்ட கலைக்களஞ்சியம். 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகள் வந்தன. அச்சேறிய தொகுதி, சூளையிலிருந்து இறங்கிய பீங்கான் மாதிரி. பிழை இருந்தாலும் அடுத்த பதிப்பு வரும்வரை அப்படியேதான் இருக்கும். விக்கிப்பீடியா சுடாத மண். எந்நேரமும் பிசைந்து திருத்தலாம் என்பதுதான் அதன் பலம். போகிற வருகிறவர் மிதித்துவிட்டும் போகலாம் என்பதால் அதற்கு எந்நேரமும் காவல் தேவைப்படுகிறது.

அந்தக் காவல் எப்படி நடக்கிறது? ‘அண்மைய மாற்றங்கள்’ என்றொரு பட்டியல் உண்டு. எந்தக் கட்டுரையில், எந்த நிமிடத்தில், யார் கைவைத்தார்கள் என்பது அதில் வரிசையாக வந்துகொண்டே இருக்கும். சேர்த்திருந்தால் பச்சை எண், நீக்கியிருந்தால் சிவப்பு எண். நடுவில் தடித்த சிவப்பில் பத்தாயிரத்தைத் தாண்டிய ஒரு கழித்தல் எண் தெரிந்தால், காவலில் இருப்பவரின் கண் அங்கே போய் நிற்கும். யாரோ ஒரு கட்டுரையையே துடைத்திருக்கிறார்கள். ‘வரலாறு’ பக்கத்தில் முந்தைய வடிவம் பத்திரமாக இருக்கும்; இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்து ஒரே சொடுக்கில் மீட்டுவிடலாம்.

மீட்பது நொடி வேலை. அதற்குப் பிறகுதான் வேலையே இருக்கிறது. அழித்தவர் யார்? விளையாட்டாகச் செய்த பள்ளி மாணவரா, தெரியாமல் கை பட்டவரா, இதே கட்டுரையில் நாலாவது முறையாக விஷமத் தொகுப்பு செய்பவரா? அவருடைய பேச்சுப் பக்கத்தில் முதலில் ஒரு நல்ல வார்த்தை எழுதப்படும்: எழுதிப் பழக மணல்தொட்டி இருக்கிறது, அங்கே செய்து பாருங்கள் என்று. மறுபடி செய்தால் எச்சரிக்கை. அதற்கும் கேட்காவிட்டால் சில மணி நேரத் தடை, பிறகு சில நாள் தடை. ஒரே இணைய முகவரியை ஒரு கல்லூரி முழுக்கப் பகிர்ந்துகொண்டிருக்கக்கூடும். அவசரப்பட்டு ஆறு மாதம் தடுத்தால், ஒரு தப்பும் செய்யாத நூறு பேரும் சேர்ந்து வெளியே நிற்பார்கள். தடை என்பது தண்டிக்க அல்ல, மேலும் சேதம் ஆகாமல் தடுக்க மட்டுமே என்பது விக்கிப்பீடியாவின் விதி.

இந்த நிதானத்தை நாம் முழுமனதோடு ஆதரிக்கிறோம். விஷமம் வேறு, பிழை வேறு, கருத்து வேறுபாடு வேறு. விருத்தாசலம் என்று ஒருவர் எழுதுகிறார்; ‘ச்’ சேர்த்து விருத்தாச்சலம் என்று மாற்றுகிறார் இன்னொருவர். விருத்தம், அசலம் என்று பிரித்துப் பார்த்தால் முதல் வடிவமே சரி என்பார் அவர். ஊரில் புழங்குவது இதுதானே என்பார் இவர். திருமுதுகுன்றம் என்ற பழைய தமிழ்ப் பெயரையே தலைப்பாக வைக்க வேண்டும் என்று மூன்றாமவர் வரலாம். மூவருமே ஊர்மேல் பற்றுள்ளவர்கள்தாம். ஆனால் மூவரும் பேசாமல் மாற்றி மாற்றித் திருத்திக்கொண்டே போனால் அது தொகுத்தல் போர் ஆகிவிடும். படிக்க வருகிறவருக்குக் காலையில் ஒரு பெயர், மாலையில் ஒரு பெயர். ஆங்கில விக்கிப்பீடியாவில் 24 மணி நேரத்துக்குள் ஒரே கட்டுரையில் மூன்று முறைக்கு மேல் மீளமைத்தவர், தம் பக்கம் நியாயம் இருந்தாலும் தடைக்கு உள்ளாகலாம். பேச வந்தாரா என்பதே அங்கே முதல் கேள்வி.

இந்த ஒழுங்கு நம் வட்டாரத்துக்குப் புதிதல்ல. பக்கத்து மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் குறை உள்ளவர்கள் பிராது கட்டுகிறார்கள். என்ன குறை என்பதைத் தாளில் எழுதி, முனியப்பர் சன்னதியில் வேலில் கட்ட வேண்டும். குறை தீர்ந்ததும் திரும்ப வந்து, பிராதை ‘ராஜினாமா’ செய்ய வேண்டும். சாமியிடமே ஆனாலும் எழுத்தில் கொடு, தீர்ந்தால் கணக்கை முடித்துவிட்டுப் போ என்பது அங்கே நடைமுறை. விக்கிப்பீடியாக் கட்டுரையோடு இணைந்த உரையாடல் பக்கமும் இதைத்தான் கேட்கிறது. எதை மாற்ற வேண்டும், ஏன், எந்தச் சான்றின்படி என்பதை எல்லோரும் பார்க்க எழுத வேண்டும். முடிவானதும் ஏற்றுக்கொண்டு அடுத்த வேலைக்குப் போக வேண்டும். தமிழ் விக்கிப்பீடியர்கள் தங்கள் பொது விவாதப் பக்கத்துக்கு ‘ஆலமரத்தடி’ என்று பெயர் வைத்ததும் இந்த நினைப்பில்தான் இருக்க வேண்டும்.

பேசினால் தீருமா என்று கேட்பவர்களுக்கு இலங்கையைக் காட்டலாம். அங்கே போர் நடந்துகொண்டிருந்த ஆண்டுகளில், ஆங்கில விக்கிப்பீடியாவின் இலங்கைக் கட்டுரைகள் இன்னொரு போர்முனையாக இருந்தன. இரு தரப்பிலும் இருந்த சில தொகுப்பாளர்கள் ‘இலங்கை நல்லிணக்கம்’ என்ற பெயரில் ஒரு கூட்டுத் திட்டத்தைத் தொடங்கினார்கள். ஒரு தரப்பைச் சார்ந்த ஊடகத்தை அடியோடு விலக்க வேண்டாம். ஆனால் அது எந்தத் தரப்பு என்பதைக் கட்டுரையிலேயே சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தார்கள். புலிகள் சார்பான தமிழ்நெட்டுக்கும் அரசின் பாதுகாப்பு அமைச்சகத்துக்கும் அளவுகோல் ஒன்றே. அதனால் பகை தீர்ந்துவிடவில்லை. ஆனால் குண்டு விழுந்துகொண்டிருந்த காலத்தில் இரண்டு தரப்பும் ஒரே பக்கத்தில் உட்கார்ந்து ஒரே வாக்கியத்தைத் திருத்தின. சாதிக் கட்டுரைகளில் நாள்தோறும் மல்லுக்கட்டும் நம் ஆள்கள் இதைப் படிக்க வேண்டும்.

அதே சமயம், காவல் இருப்பவர்களிடமும் நாம் சொல்ல வேண்டியது உண்டு. நம் பீங்கான் தொழிற்பேட்டையில் முப்பது ஆண்டு பொம்மையும் அகல்விளக்கும் செய்த ஒருவர், மண் கரைப்பதிலிருந்து சூளை இறக்குவது வரை தமக்குத் தெரிந்ததை எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘மேற்கோள் இல்லை’ என்ற ஒற்றை வரியோடு அது நீக்கப்படுகிறது. விதிப்படி அதில் தவறில்லை. ஆனால் விஷமி நாளைக்கே வேறு பெயரில் வருவான். மனம் நொந்துபோன இவர் வரமாட்டார். சூளையிலிருந்து எடுத்த சாமானை ஒவ்வொன்றாகச் சுண்டிப் பார்த்தவர் அவர். கணீரென்றால் தேறியது, மந்தமாக ஒலித்தால் உள்ளே விரிசல் என்பது அவர் விரலுக்குத் தெரியும். சோதிக்காதே என்று அவர் சொல்லப் போவதில்லை. விரிசல் எங்கே என்று காட்டுங்கள் என்பார். நீக்கும் ஒவ்வொரு முறையும் அதைக் காட்டுவதும், எப்படி எழுதினால் நிற்கும் என்று சொல்லிக்கொடுப்பதும் காவலின் பாதி வேலை.

சான்று கேட்பதை அவமானமாக நினைப்பவர்களுக்கும் நம் ஊரே பதில் வைத்திருக்கிறது. முதுகுன்றத்தில் பன்னீராயிரம் பொன் பெற்ற சுந்தரர், அதில் ஒரு துணுக்கை மாதிரிக்கு மச்சமாக எடுத்து வைத்துக்கொண்டுதான் மீதியை மணிமுத்தாற்றில் இட்டார் என்கிறது பெரியபுராணம். திருவாரூர்க் குளத்தில் எடுத்தபோது மச்சத்தோடு உரைத்துப் பார்த்தார், மாற்றுக் குறைந்திருந்தது. சரியாகும்வரை விடவில்லை. இறைவன் தந்த பொன்னையே மச்சம் வைத்து உரைத்துப் பார்த்த கதையைச் சொல்லி வளர்ந்த ஊரில், எழுதிய வரிக்குச் சான்று கேட்டால் முகம் சுளிக்க என்ன இருக்கிறது?

கெட்ட எண்ணம் இல்லாமலும் சேதம் நடக்கும். 2009-ல் தொடங்கிய கூகுளின் மொழிபெயர்ப்புத் திட்டத்தில், கூலிக்கு எழுதியவர்கள் ஆங்கிலக் கட்டுரைகளை நூற்றுக்கணக்கில் தமிழாக்கி ஏற்றினார்கள். பல கட்டுரைகளில் தமிழ் எழுத்து இருந்தது, தமிழ் இல்லை. நம்மவர்கள் குறைகளைப் பட்டியலிட்டு அந்த நிறுவனத்தோடு பேசினார்கள். 2010-ல் போலந்தின் கதான்ஸ்க் நகரில் நடந்த விக்கிமேனியா மாநாட்டில் அந்த அனுபவத்தை உலகின் முன் வைத்தார்கள். இன்று அதே வெள்ளம் செயற்கை நுண்ணறிவு உருவத்தில் வருகிறது. இல்லாத புத்தகத்தை மேற்கோளாகக் காட்டும் கட்டுரையை ஒரு நிமிடத்தில் உருவாக்கிவிடலாம்; அந்தப் புத்தகம் இல்லை என்று உறுதிசெய்ய ஒரு மனிதருக்கு ஒரு மாலைப்பொழுது போய்விடும். சரிபார்க்காமல் ஒட்டப்பட்ட இத்தகைய கட்டுரைகளை விரைந்து நீக்க ஆங்கில விக்கிப்பீடியா 2025-ல் தனி விதியே வகுத்தது. தமிழுக்கும் அப்படி ஒன்று தேவை.

இவ்வளவு தொல்லை எதற்கு, அரசே ஒரு பூட்டைப் போட்டுவிடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். 2022 செப்டம்பர் 4 அன்று ஆசியக் கோப்பை கிரிக்கெட் ஆட்டத்தில் இந்திய வீரர் அர்ஷ்தீப் சிங் ஒரு கேட்சைத் தவறவிட்டார். சற்று நேரத்தில் விக்கிப்பீடியாவில் அவர் பக்கத்தைக் காலிஸ்தானோடு இணைத்து யாரோ விஷமம் செய்தார்கள். ஒன்றிய மின்னணு அமைச்சகம் விளக்கம் கேட்டது. ஆனால் அமைச்சகம் அசைவதற்கு முன்பே, சுமார் 15 நிமிடத்தில், தன்னார்வலர்கள் அதைச் சரிசெய்துவிட்டார்கள். எந்த அரசு அலுவலகமும் ஞாயிற்றுக்கிழமை இரவில் கால் மணி நேரத்தில் ஒரு பிழையைத் திருத்தாது.

தொகுத்தவர்களின் அடையாளத்தைக் கேட்டுப் பெறுவதும் தீர்வல்ல. ஏஎன்ஐ செய்தி நிறுவனம் 2024-ல் விக்கிமீடியா அறக்கட்டளைமீது இரண்டு கோடி ரூபாய் இழப்பீடு கேட்டு தில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தபோது, தொகுப்பாளர்களின் விவரங்களை ஒப்படைக்க உத்தரவாயிற்று. பிறகு அடையாளம் வெளியே தெரியாமல் அவர்களுக்குச் சம்மன் சேர்ப்பிக்க ஏற்பாடானது. அந்த வழக்கைப் பற்றிய கட்டுரையையே நீக்கச் சொன்ன உத்தரவை உச்ச நீதிமன்றம் 2025 மே 9 அன்று ரத்து செய்தது. அவதூறால் பாதிக்கப்பட்டவருக்கு நீதிமன்றக் கதவு திறந்தே இருக்க வேண்டும். அதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஓய்வு நேரத்தில் இலவசமாக எழுதும் ஓர் ஆசிரியரோ மாணவரோ, ஒரு வரிக்காகத் தில்லிக்கு வக்கீல் வைக்க நேரும் என்று அஞ்சினால், விஷமிகள் மட்டும்தான் மிஞ்சுவார்கள்.

காவலருக்கும் கணக்கு வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. குரோவாசிய விக்கிப்பீடியாவில் நிர்வாகிகளின் ஒரு சிறு குழு பல ஆண்டுகள் அதிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, மறுத்தவர்களை வெளியேற்றி, வரலாற்றைத் தேசியவாதச் சாய்வோடு வளைத்ததை 2021-ல் வெளியான ஆய்வறிக்கை அம்பலப்படுத்தியது. அங்கே கெட்ட எண்ணத்தைவிட ஆள்பற்றாக்குறையே இதற்குப் பெரிதும் வழிவிட்டது என்று நாம் கருதுகிறோம். நாலைந்து பேர் மட்டும் காக்கும் களஞ்சியத்தை நாலைந்து பேர் பிடித்துக்கொள்ளவும் முடியும். தமிழ் விக்கிப்பீடியா அப்படி ஆகாமல் இருக்க, தடை ஒவ்வொன்றுக்கும் காரணம் பொதுவில் எழுதப்பட வேண்டும். தடுக்கப்பட்டவர் முறையிட்டால், தடுத்தவர் அல்லாத வேறொரு நிர்வாகி அதை விசாரிக்க வேண்டும்.

எல்லாம் சுற்றிச் சுற்றி ஆள் என்ற ஒரே தேவையில்தான் வந்து நிற்கிறது. கொளஞ்சியப்பர் அரசு கலைக் கல்லூரி தமிழ், வரலாற்றுத் துறை மாணவர்களை வாரம் ஒரு மணி நேரம் இந்தப் பணியில் ஈடுபடுத்தலாம். சான்று தேடுவதும், நடுநிலையாக ஒரு பத்தி எழுதுவதும், முகம் தெரியாதவரோடு கோபப்படாமல் வாதாடுவதும் எந்தப் பாடத்திட்டத்துக்கும் குறைந்த கல்வி அல்ல. பீங்கான் தொழில்நுட்பக் கல்வி நிலையம் இவ்வூர்ப் பீங்கான் தொழிலின் வரலாற்றைத் தொழிலாளர்களிடம் கேட்டு நூலாக்கி வெளியிட்டால், ‘மேற்கோள் இல்லை’ என்று திருப்பி அனுப்பப்பட்ட அறிவுக்கு மேற்கோள் கிடைக்கும். தமிழ் வளர்ச்சித் துறை, அதிகாரம் எதுவும் கேட்காமல், இந்தப் பயிற்சிகளுக்கு இடமும் இணைய வசதியும் தரலாம்.

கணக்குத் தொடங்கி உள்நுழைந்தால், ஒவ்வொரு கட்டுரையின் மேலும் ஒரு நட்சத்திரக் குறி தெரியும். அதைத் தொட்டால் அந்தக் கட்டுரை நம் கவனிப்புப் பட்டியலில் சேர்ந்துவிடும். யார் கைவைத்தாலும் நமக்குத் தெரியவரும். இன்றிரவு யாராவது நம் ஊர்க் கட்டுரையை அழித்தால், அதைப் பார்த்துத் திருப்பி வைக்க அபுதாபியிலோ டொராண்டோவிலோ ஒரு தமிழர் விழித்திருக்கக்கூடும். அப்படி விழித்திருப்பவர்களில் விருத்தாசலத்துக்காரர் எத்தனை பேர் இருக்கிறோம் என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். கணக்குத் தொடங்க ஒரு நிமிடம் போதும்.