பட்டணத்துச் செலவுக் கணக்கு

பட்டணவாசத்தின் செலவைப் பற்றிப் பேசுகிறவர்கள் வாடகையைச் சொல்வார்கள். அரிசி விலையைச் சொல்வார்கள். பள்ளிக்கூடச் சம்பளத்தைச் சொல்லிப் பெருமூச்சு விடுவார்கள். தண்ணீர் மட்டும் கணக்கில் ஏறுவதில்லை.

சென்னைவாசிகளுக்கு இந்த மறதி ஆகாது. 2015-ஆம் வருஷம் டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பித் திறக்கப்பட்டது. அடையாற்றங்கரை வீடுகள் முழுகின. வெள்ளம் சமுத்திரத்தில் போய் விழுந்தது. 2019 கோடையிலோ அதே ஏரி வறண்டு கிடந்தது. பூண்டி, சோழவரம், செங்குன்றம் ஏரிகளின் கதியும் அதுவே. அவ்வருஷம் ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து, தடவைக்கு 25 லட்சம் லிட்டர் வீதம், காவேரி ஜலம் ரயிலேறி வந்தது! மீஞ்சூரில் 2010-லும் நெம்மேலியில் 2013-லும் சமுத்திர ஜலத்தின் உப்பை நீக்கும் ஆலைகள் ஏற்பட்டன. வானம் இனாமாகத் தந்ததைக் கடலில் விட்டு, மின்சாரம் செலவழித்து மீட்டுக்கொள்ளும் விசித்திர வியாபாரம் இது.

பஞ்சம் வந்தால் பணமுள்ளவர் லாரி வரவழைக்கிறார். குடத்துடன் காத்து நிற்கும் ஏழை ஸ்திரீக்கோ அன்றைய கூலியே போய்விடுகிறது. தண்ணீருக்கு அதிக விலை கொடுப்பவள் அவள்தான்.

மாடியில் விழும் மழையை நிலத்துக்குள் இறக்க வேண்டுமென்று 2003-லேயே சட்டம் வந்தது. குழிகளும் இருக்கின்றன. ஐப்பசிக்கு முன் அவற்றில் சேர்ந்த மண்ணை அள்ளிய வீடுகள் உங்கள் தெருவில் எத்தனை?