விமானியின் கடிகாரம் எங்கிருந்து ஓடுகிறது?

ஒரு விமானிக்கு வேலை எப்போது ஆரம்பிக்கிறது? விமானம் மேலே எழும்பும்போதா? இல்லை. அதற்குக் கொஞ்ச நேரம் முன்பு விமான நிலையத்துக்கு வந்து 'ரிப்போர்ட்' செய்கிறாரே, அப்போதிலிருந்து. அமெரிக்க விதிகளின் கணக்கு அதுதான். அதற்கு முன்னால் அவர் எங்கிருந்து வந்தார், எப்படி வந்தார், ராத்திரி தூங்கினாரா... அதெல்லாம் அவருடைய சொந்த விஷயமாம்!

இந்தச் 'சொந்த விஷயம்' எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு உதாரணம் போதும். 2009 பிப்ரவரி 12 இரவு, நியூவர்க்கிலிருந்து பஃபலோ போன கோல்கன் ஏர் விமானம் 3407 தரையிறங்கும் முன் ஒரு வீட்டின் மேல் விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும் தரையில் ஒருவரும், ஆக 50 பேர் இறந்தார்கள். இரண்டு விமானிகளுக்கும் பேஸ் நியூவர்க். ஆனால் கேப்டனின் வீடு ஃப்ளோரிடாவில். துணை விமானி வந்தது சியாட்டிலில் இருந்து. நாட்டின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு! முந்தின இரவு முழுக்க சரக்கு விமானத்தில் இடம் பிடித்து, மெம்ஃபிஸில் மாறி, காலையில்தான் நியூவர்க் வந்து சேர்ந்தார். கேப்டன் முந்தின இரவைக் கழித்தது விமானிகளின் ஓய்வறையில். அங்கே இரவு தூங்கக் கூடாது என்பது கம்பெனி விதி. ஆனால் தூங்க வேறு இடம்?

சரி, அதனால்தான் விபத்து நடந்ததா? அப்படி அடித்துச் சொல்ல முடியாது. அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், எச்சரிக்கை வந்தபோது கேப்டன் தவறாகச் செயல்பட்டதைத்தான் முக்கியக் காரணமாகச் சொன்னது. களைப்பு இருவரின் திறனையும் பாதித்திருக்கலாம், ஆனால் எவ்வளவு என்று தீர்மானிக்க முடியவில்லை என்றது. வாரியத் தலைவர் டெபோரா ஹெர்ஸ்மேன் மட்டும், களைப்பையும் காரணங்களில் சேர்த்திருக்க வேண்டும் என்று தனியாக எழுதி வைத்தார். அளக்க முடியவில்லை என்பதால் இல்லை என்று ஆகிவிடுமா? பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடாது.

இது ஏதோ இரண்டு பேர் செய்த கூத்து என்றும் ஒதுக்க முடியாது. விசாரணையில் வெளிவந்த கணக்கு இது: நியூவர்க்கைப் பேஸாகக் கொண்ட கோல்கன் விமானிகளில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் வெளியூரிலிருந்து வந்து போனவர்கள். சிலருக்கு வீடு 1,000 மைலுக்கும் அப்பால்.

உடனே ஒரு பதில் வரும். "பேஸ் பக்கத்திலேயே குடிவர வேண்டியதுதானே? யார் தடுத்தார்கள்?" கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பேஸை முடிவு செய்வது யார்? விமானியா? கம்பெனி திறக்கும், கம்பெனியே மூடும். பிட்ஸ்பர்க்கை நம்பி வீடு வாங்கியவர்கள் இருந்தார்கள். 2004-ல் யுஎஸ் ஏர்வேஸ் அங்கே தன் மையத்தைக் கலைத்தது. மெம்ஃபிஸ் மையத்தை டெல்டா 2013-ல் மூடியது. ஒவ்வொரு முறையும் பிள்ளைகளின் பள்ளியை மாற்றி, வாழ்க்கைத் துணையின் வேலையை விட்டு, வீட்டை நஷ்டத்துக்கு விற்றுவிட்டுப் பின்னாலேயே ஓட வேண்டுமா? அதுவும் புதிதாகச் சேர்ந்த ஒரு துணை விமானியின் சம்பளத்தில், நியூயார்க் வாடகையில்? அதனால்தான் பத்துப் பேர் சேர்ந்து கட்டில்களைப் பங்குபோடும் 'கிராஷ் பேட்' அறைகள் விமான நிலையங்களைச் சுற்றி இருக்கின்றன.

பேஸ் பக்கத்திலேயே குடிவந்தவராவது தப்பித்தாரா? அதுவும் இல்லை. நியூயார்க்கையே எடுத்துக்கொள்ளுங்கள். கென்னடி, லகார்டியா, நியூவர்க் என்று மூன்று விமான நிலையங்கள். பெரிய நிறுவனங்களில் இந்த மூன்றும் சேர்ந்து ஒரே பேஸ். கென்னடிக்கும் நியூவர்க்குக்கும் நடுவே சாலை வழியில் சுமார் 50 கிலோமீட்டர். நடுவில் ஆறு, பாலம், சுரங்கப்பாதை, உலகப் புகழ் பெற்ற டிராஃபிக். வேலைக்கு நடுவே கம்பெனி காரில் ஏற்றி அனுப்பினால் அது பணி நேரம். விதியில் தெளிவாக இருக்கிறது. ஆனால் இன்று கென்னடியில் வேலை, நாளை நியூவர்க்கில் வேலை என்றால்? அது வெறும் 'வீட்டிலிருந்து ஆபீஸ் போவது'. ஒரே சாலை, ஒரே தூக்கம், ஒரே களைப்பு. கணக்கில் மட்டும் ஒன்று இருக்கும், இன்னொன்று இருக்காது! மூன்று நிலையங்களையும் ஒரே ஆளைக் கொண்டு சமாளிக்கும் லாபம் கம்பெனிக்கு. பாலத்தில் நிற்கும் நேரம் விமானிக்கு. நோகாமல் நுங்கு தின்பது என்பது இதுதான்.

விமானிகள் பக்கமும் குறை இல்லாமல் இல்லை. வெளியூரிலிருந்து வந்து போவதை உரிமையாகவே பலர் பார்க்கிறார்கள். பிடித்த ஊரில் வீடு, இலவச விமானப் பயணம், மாதத்தில் சில தடவை வந்தால் போதும். இதைக் கணக்கெடுத்தால் எங்கே தடை போட்டுவிடுவார்களோ என்ற பயம். பயம் புரிகிறது. ஆனால் ராத்திரி முழுக்க விழித்து வந்து பகலில் விமானம் ஓட்டுவது எந்த உரிமையிலும் சேராது. கம்பெனியும் பேசாது, விமானியும் பேசமாட்டார் என்றால் பின்னால் உட்கார்ந்திருக்கும் பயணிக்காக யார் பேசுவது?

பஃபலோ விபத்துக்குப் பிறகு அமெரிக்க அரசு சும்மா இருக்கவில்லை. 2014 ஜனவரியில் புது விதிகள் வந்தன. வேலைக்கு முன் 10 மணி நேர ஓய்வு, அதில் 8 மணி நேரம் தூங்க வாய்ப்பு. நல்லதுதான். ஆனால் அந்த 10 மணி நேரத்தை நடுவானில் ஓசி சீட்டில் கழித்தாலும் அது ஓய்வுதான்! ஓய்வெடுத்துவிட்டு வர வேண்டியது விமானியின் பொறுப்பு என்று எழுதி முடித்துவிட்டார்கள். தேசிய அறிவியல் கழகங்களின் ஆய்வுக்குழுவும் 2011-ல் போதுமான தகவல் இல்லை என்றே சொன்னது. யாருமே எண்ணாத ஒன்றுக்குத் தகவல் எங்கிருந்து வரும்?

ஐரோப்பாவைப் பாருங்கள். 2016-ல் நடைமுறைக்கு வந்த விதிகள்படி ஒவ்வொரு விமானிக்கும் பேஸ் என்பது ஒரே ஒரு விமான நிலையம், அதுவும் நிலையானதாக இருக்க வேண்டும். பேஸை மாற்றினால், புது இடத்தில் வேலை தொடங்கும் முன் மூன்று இரவுகள் உட்பட 72 மணி நேர ஓய்வு. வீட்டிலிருந்து வர 90 நிமிடத்துக்கு மேல் ஆகுமென்றால் பக்கத்தில் தங்க யோசியுங்கள் என்றும் சொல்கிறார்கள். கடைசியாகச் சொன்னது வெறும் அறிவுரைதான், அறைக்குக் காசு யார் கொடுப்பது என்று அது சொல்லவில்லை. ஆனாலும் தூரம் என்று ஒன்று இருப்பதையாவது ஒத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அமெரிக்காவும் செய்யலாம். ஒரு விமானிக்கு ஒரு விமான நிலையம். வேறு நிலையத்துக்குப் போகச் சொன்னால், அந்தச் சாலை நேரமும் பணி நேரம். வெளியூரிலிருந்து வருபவர் முந்தின நாளே வந்து சேர வேண்டும் என்பது கட்டாயம். அன்று இரவு அறை கம்பெனி செலவு. ஒரு ஓட்டல் அறைக்கு என்ன பெரிதாக ஆகிவிடும்? பெட்டிக்குக்கூடக் காசு வாங்கத் தெரிந்தவர்களுக்கு இந்தக் கணக்குத் தெரியாதா என்ன!

விமானியின் உடம்புக்கு ரிப்போர்ட் நேரம் தெரியாது. அது கடைசியாக எப்போது தூங்கியது என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். சட்டத்தின் கடிகாரமும் அங்கிருந்துதான் ஓட வேண்டும்.